சைடு கொடுத்தாரா, எடுத்தாரா?

2023 போகியன்று சாயங்காலம் நடந்தது இது. நண்பர்கள் வட்டத்தில் பல தடவை சொல்லியிருக்கிறேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்றுகூடப் பழகிவிட்டது. சிரிப்புக்கு உதவாத பகுதிகளை விட்டுவிடுவேன். அந்த விட்டுப்போன பகுதிகள்தான் ஒரு வருடமாகத் தொந்தரவு செய்கின்றன.

சென்னையில் காலையில் கிளம்பி, தஞ்சாவூரில் சாப்பிட்டு, வடுவூர் ஏரியைத் தாண்டி மன்னார்குடி வந்து, பாமணியாற்றுக் கரையோரச் சாலையைப் பிடித்தபோது மணி ஐந்தரை. ஊருக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். எனக்கு முன்னால் ஒரு வைக்கோல் போர் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் பின்னால் இருந்து பார்த்தவனுக்கு டிராக்டர் எங்கே தெரிந்தது? சக்கரங்களின் அடிப்பாதியும், அதன் மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு வைக்கோல் கட்டுகளும், எல்லாவற்றுக்கும் மேலே வானத்தில் விட்டுவிட்டுக் கரும்புகையும். கட்டுகள் டிரெய்லரின் இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடதுபக்கம் ஆறு, வலதுபக்கம் பாசன வாய்க்கால், அதற்கு அப்பால் தாழ்வாக வயல். டெல்டாவில் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையை விவரிக்கத் தேவையில்லை. கரைதான் சாலை. கரை எங்கே முடிகிறதோ அங்கே சாலையும் முடிந்துவிடும்.

ஹாரன் அடித்தேன். பிறகு அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு கிலோமீட்டர் போல அப்படியே போனது. மனைவி "விடுங்களேன், அவரு எங்க ஒதுங்குவாரு" என்று சொன்னது நினைவிருக்கிறது. எட்டு மணி நேரம் ஓட்டிவந்தவனுக்கு அது காதில் ஏறவில்லை. ஒரு இடத்தில் டிராக்டர் மெல்ல வேகம் குறைந்து இடதுபக்கம், ஆற்றுப் பக்கமாக ஒதுங்கியது. அப்பாடா, சைடு கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். 'டான்' என்றுதான் நினைத்தேன், மறைப்பதற்கில்லை. உடனே ஏறியிருப்பேன், ஆனால் எதிரே பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று வந்தது. அவரைப் போகவிட்டேன். நாலைந்து விநாடி ஆகியிருக்கும். அதன் பிறகு இரண்டாவது கியரில் அழுத்திக்கொண்டு வலதுபக்கமாக ஏறினேன். பாதி வைக்கோலைத் தாண்டியிருப்பேன், டிராக்டரின் மூக்கு என் கண்ணெதிரே வலதுபக்கம் திரும்பியது.

பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங்கை ஒடித்ததும் நானாகச் செய்ததாகத் தோன்றவில்லை, கைகால் செய்துகொண்டன. இடதுபக்கக் கண்ணாடி டிரெய்லர் பலகையில் மாட்டிப் பிய்ந்தது, கதவு முழுக்க ஒரு கீறல், காரின் வலது முன்சக்கரம் வாய்க்கால் சரிவில் இறங்கித் தொங்கியது. யாருக்கும் அடியில்லை. மேலிருந்து இரண்டு வைக்கோல் கட்டு உருண்டு காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. பொங்கலுக்கு முதல் நாளே வீட்டுக்கு வைக்கோல் வந்துவிட்டது என்று நான் சொல்லி நிறுத்தும்போதுதான் எல்லோரும் சிரிப்பார்கள்.

இறங்கிப் போய்க் கத்தினேன். ஓட்டிவந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. "சைடு குடுத்துட்டு அப்புறம் திருப்புவீங்களா? கண்ணு தெரியாதா?" என்று கேட்டேன். அவர் பதற்றத்தில் காரைப் பார்த்தார், உள்ளே இருந்த என் மகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"குடுக்கல தம்பி. எடுத்தேன்."

வழிவிட ஒதுங்கவில்லை, திரும்ப இடம் வேண்டித்தான் ஒதுங்கினேன் என்கிறார். இந்தப் பதிலையும் நான் நகைச்சுவையாகத்தான் சொல்லிவந்தேன். சைடு கொடுத்தாரா எடுத்தாரா என்று பின்னால் வருகிறவன் ஜாதகம் பார்த்தா தெரிந்துகொள்வான் என்பது அடுத்த வரி.

விட்டுப்போனது எது என்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் சரிவிலிருந்து என் காரை மேலே இழுத்தது அவருடைய டிராக்டர்தான். டிரெய்லரின் கொக்கியைக் கழற்றிவிட்டு, வைக்கோல் கட்டிய கயிற்றையே அவிழ்த்து மூன்றாக மடித்துக் காரில் பூட்டி, முக்கால் மணி நேரம் சேற்றில் நின்று இழுத்தார். அதற்குப் பிறகு நான் கண்ணாடிக்கு யார் பணம் தருவது என்று கேட்டேன். அவர் மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

3.75 மீட்டர்

ஒற்றைத் தடமாகப் போடும் சாலைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு 3.75 மீட்டர். எங்கள் ஊர்ச் சாலை புதிதாகத் தார் போட்ட நாளில் அந்த அகலம் இருந்திருக்கலாம். ஓரம் தின்ற பிறகு எவ்வளவு மிச்சமோ. என் சின்னக் காரே 1.7 மீட்டர். சாதாரண டிரெய்லர் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 3.7. மீதி ஐந்து சென்டிமீட்டர். அதில் வைக்கோல் இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டியிருந்தால் கணக்கு போடவே வேண்டாம். ஆக, அந்தச் சாலையில் ஒரு டிராக்டரை முந்துவது என்றால், அவர் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கவேண்டும், அல்லது நான் இறக்கவேண்டும். கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பதன் அர்த்தம், நீ இறக்கு என்பதுதான்.

அவரால் இறக்க முடியுமா என்று நான் யோசித்ததே இல்லை. கரையோர மண் வெயிலில் கெட்டியாகத் தெரியும், உள்ளே பொதபொதவென்றிருக்கும். மார்கழி ஈரம் தையில் காய்வதில்லை. உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டியின் ஒருபக்கச் சக்கரம் அரையடி தாழ்ந்தால் பாரம் முழுக்க அந்தப் பக்கம் சாயும். ஆற்றுப் பக்கம் சாய்ந்தால் ஆள், வண்டி, வைக்கோல் எல்லாம் பாமணியாற்றில்தான். காரை ஓரம்கட்டுவது போல டிராக்டரை ஓரம்கட்ட முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கார் ஓட்டும்போது மட்டும் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொரு கணக்கு. அவருக்குப் பின்னால் நான் வந்தது இரண்டு கிலோமீட்டர். இருபது வேகத்தில் போனார் என்றால் அதற்கு ஆறு நிமிடம். அந்தச் சாலையில் நான் அறுபதில் பறந்திருந்தால் (பறக்க முடியாது, அது வேறு விஷயம்) இரண்டு நிமிடம். ஆக நான் இழந்தது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் அத்தனை ஹாரனும்.

டிராக்டர்க்காரர்கள் மேல் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் நிறையவே இருக்கிறது. இரவில் டிராக்டரின் பின்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு எரியுமே, அது வயலில் கலப்பையைப் பார்த்து உழுவதற்கானது. அதை அணைக்காமல் சாலைக்கு வந்துவிடுவார்கள். பின்னால் வருகிறவனுக்குக் கண் கூசும். போதாக்குறைக்கு, எதிரே ஒற்றை விளக்கோடு பைக் வருகிறது என்றும் நினைத்துக்கொள்வான். விலகிப்போய்விடும் என்று நினைத்த விளக்கு விலகாமல் நெருங்கிக்கொண்டே இருக்கும்போது வயிற்றில் ஒன்று புரளும் பாருங்கள். அதேபோல் சேற்றுழவுக்குப் பூட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் கடகடவென்று போவது. அந்தத் தழும்புகளின் மேல் ஒரு வருடம் நாம்தான் குலுங்கவேண்டும். இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போகிற இளவட்டங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சாலையில் நெல் காய்வதையும் கார்க்காரர்கள் இந்தக் குறைகளோடு சேர்ப்பார்கள். அதில் நான் வாயைத் திறக்க முடியாது, எங்கள் நெல்லும் அங்கேதான் காய்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். பெல்ட் மிஷின் வைத்து அறுத்த நெல் நேராக வயலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. அந்தக் காலம் மாதிரி அறுத்துப் போட்டு, களத்தில் அடித்து, தூற்றி, அதற்குள் காய்ந்துவிடும் என்பதெல்லாம் இல்லை. களங்கள் பாதி வீடாகிவிட்டன. ஒரு நாள் வெயிலில் சூடேறுகிற, மண் ஒட்டாத ஒரே தரை தார்ச்சாலை. பாதிச் சாலையை நெல் எடுத்துக்கொள்ள, ஓரத்தில் நாலு கல்லும் ஒரு முள்கிளையும் வைத்துவிடுவோம். 2023-இல் பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மழை அறுப்புக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தபோது சித்தப்பா ஈர நெல்லோடு அலைந்ததைப் பார்த்தவன், அந்த முள்கிளையைப் பற்றிப் பேச யோசிப்பான். இருட்டில் அதன் மேல் பைக்கை ஏற்றி விழுந்தவன் யோசிக்கமாட்டான். இரண்டு பேரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மட்கார்டில் உட்கார்ந்து

2025 ஜனவரி கடைசியில் ஒரு வாரம் ஊரில் இருந்தேன். ஒன்பது மா அறுப்பு. ஏக்கருக்கு மூன்று மா கணக்கில் மூன்று ஏக்கர், சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் பக்கம் அறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் சேலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வரும். முதல் நாள் ராத்திரி வந்த மிஷின் மறுநாள் மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு இறங்கிவிட்டது. பின்னாலேயே கட்டு கட்டும் மிஷின் வந்து வைக்கோலைச் சுருட்டி உருளை உருளையாகப் போட்டது. அதை வீட்டு மாட்டுக்கு ஏற்றிவரவேண்டும். டிராக்டர் வாடகைக்கு வந்தவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். "அண்ணே, நானும் வரவா?" என்று கேட்டேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வேறெங்கோ பார்த்தார். டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது என்பது விதி, சரியான விதியும்கூட, மட்கார்டிலிருந்து தவறி விழுந்தால் அடுத்து வருவது பின்சக்கரம். தெரிந்தே ஏறினேன்.

முதலில் சத்தம். இரைச்சலாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஏறினேன், ஆனால் அந்தச் சத்தத்துக்குள் வேறு எதுவுமே நுழையாது என்பதை எதிர்பார்க்கவில்லை. எதிரே வந்த டவுன் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது, அதுவும் பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு. கார் ஹாரன் கேட்குமா என்று அவரிடம் கத்திக் கேட்டேன். "என்னது?" என்றார். மறுபடி கத்தினேன். சிரித்தார். இரண்டு கிலோமீட்டர் நான் அடித்த ஹாரன் யாருக்காக அடித்தது என்று அப்போது புரிந்தது. என் மனைவிக்கும் மகளுக்கும்.

அப்புறம் அந்த இரண்டு பிரேக். டிராக்டரில் வலதுகாலுக்குக் கீழே இரண்டு மிதி உண்டு, இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் வரப்பு ஓரத்தில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள், வண்டி அந்தச் சக்கரத்தின் மேலேயே சுற்றிக்கொள்ளும். சாலைக்கு ஏறும்போது இரண்டையும் ஒரு கொண்டியால் பூட்டிவிடவேண்டும். மறந்துபோய் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபக்கம் இழுத்துக் கவிழலாம். அவர் வரப்பிலிருந்து மேலே ஏறியதும் முதல் வேலையாகக் குனிந்து கொண்டியைப் போட்டார். "இத மறந்து போனவன் ரெண்டு பேர எனக்குத் தெரியும்" என்றார். மேலே கேட்கவில்லை. டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. மதகுப் பாலத்தின் இறக்கத்தில் பாரம் முழுக்கப் பின்னாலிருந்து தள்ளுவது மட்கார்டில் உட்கார்ந்த என் முதுகுக்கே தெரிந்தது. அவர் பாலம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டார். காரில் பின்னால் வருகிறவனுக்கு அது, இந்த ஆள் காரணமே இல்லாமல் ஊர்கிறான் என்றுதான் படும்.

இதெல்லாம் கொஞ்சமாவது யூகிக்கக்கூடியவை. நான் யூகிக்காத ஒன்று அதற்கப்புறம் நடந்தது. வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் வாய்க்காலின் மேல் எட்டடி அகலக் குழாய்ப் பாலம். வலதுபக்கம் திரும்பவேண்டும். ஐம்பது அறுபது அடிக்கு முன்பே அவர் வேகத்தைக் குறைத்தார். வண்டியை மெல்ல இடதுபக்கம் கொண்டுபோனார், ஆற்றுப் பக்கம் எவ்வளவு போகலாமோ அவ்வளவு. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே ஒதுங்கல். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. வைக்கோல் சுவர்தான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அதிலும் வைக்கோல். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டுமா, வண்டியை அப்படியே நிறுத்துகிற மாதிரி ஊர்ந்துகொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணலாம். ஐந்தாவதில்தான் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார். டிராக்டர் பாலத்தில் ஏறியது. டிரெய்லர் டிராக்டரின் தடத்திலேயே வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தது, அதன் வலதுசக்கரம் குழாய்ப் பாலத்தின் விளிம்பில் ஒரு சாண் இடம் விட்டு ஏறியது. இடதுபக்கம் ஒதுங்காமல் சாலை நடுவிலிருந்து திரும்பியிருந்தால் அந்தச் சக்கரம் நேராக வாய்க்காலில் இறங்கியிருக்கும்.

வைக்கோல் இறக்கிய பிறகு, டீ குடித்துக்கொண்டே கேட்டேன். "திரும்பறதுக்கு முன்னாடி நின்னீங்களே அண்ணே, எதுக்கு?"

"பின்னாடி எவனாச்சும் வந்தா போயிடுவான்ல. சைடு எடுக்கறப்ப சைடு குடுத்த மாதிரிதான் இருக்கும் அவனுக்கு. சரி போறவன் போய்க்கட்டும்னு அஞ்சு எண்ணுவேன். யாரும் போகலன்னா பின்னாடி யாரும் இல்லன்னு அர்த்தம். திருப்பிட வேண்டியதுதான்."

டீ ஆறிவிட்டது என்று சித்தி வேறு டீ கொண்டுவந்தார்.

மொபெட்காரரைப் போகவிட்டு நான் காத்திருந்தேனே, நாலைந்து விநாடி. அந்தப் பெரியவர் எண்ணிக்கொண்டிருந்த ஐந்தும் அதுவேதான். எனக்காகவே அவர் காத்திருக்கிறார், அவருக்குத் தெரியாத ஒரு மொபெட்டுக்காக நான் காத்திருக்கிறேன். அவருடைய கணக்கில் யாரும் போகவில்லை, அப்படியென்றால் யாரும் இல்லை. என்னுடைய கணக்கில் அவர் எனக்காக நின்றுகொண்டே இருக்கிறார், அப்படியென்றால் போகலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தோம். இரண்டு வருடமாக நான் சொன்ன கதையில் அவர் யோசிக்காமல் திருப்பிய ஆள். என்னைப் போகவிடத்தான் அவர் நின்றார் என்பது அதில் இல்லை.

அப்படியானால் அவர் குடுக்கவும் செய்தார், எடுக்கவும் செய்தார். "குடுக்கல தம்பி, எடுத்தேன்" என்று தவறைத் தன் மேல் போட்டுக்கொண்டது பதற்றத்தினாலா, நான் கத்திய கத்தலினாலா என்று தெரியவில்லை.

துண்டு

விதிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1989-இல் வந்த சாலை விதிமுறைகளில் தெளிவாக இருந்தது: வலதுபக்கம் திரும்புகிறவர் சாலையின் நடுப்பகுதிக்கு ஒட்டி வரவேண்டும், பின்னால் வருகிறவர் அவரை இடதுபக்கமாகக் கடக்கலாம். (2017-இல் இந்த விதிமுறைகளையே புதிதாக எழுதிவிட்டார்கள்.) கார்களுக்கும் அகலமான சாலைக்கும் நல்ல விதி. எட்டடிக் குழாய்ப் பாலத்தில் டிரெய்லரை ஏற்றவேண்டியவருக்கு விதி நடுவுக்கு வா என்கிறது, பாலம் ஓரத்துக்குப் போ என்கிறது. வாய்க்கால் பக்கத்திலேயே இருப்பதால் அவர் பாலம் சொல்வதைக் கேட்கிறார்.

அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து வேளாண் பொறியாளர் கென் ஹார்க்னஸ் என்பவர், மெதுவாகப் போகும் பண்ணை வண்டிகளின் முதுகில் மாட்ட ஒரு முக்கோணம் வடிவமைத்தார். நடுவில் பளீரென்ற ஆரஞ்சு, சுற்றிலும் சிவப்பு. இது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். நம் பக்கத்திலும் கரும்பு அரவை தொடங்கும் சமயம் டிரெய்லர்களுக்கு ஒளிரும் பட்டை ஒட்டிவிடுவதை ஒரு சின்ன விழாவாகவே நடத்துகிறார்கள். நல்ல காரியம்தான், இருட்டில் உயிர் காக்கும். ஆனால் மெதுவாகப் போகிறார் என்பது எனக்கு அன்றைக்கு நன்றாகவே தெரியும். எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதுதான் தெரியவில்லை. டிரெய்லருக்கு இன்டிகேட்டர் ஒயர் இழுத்திருந்தாலும் முதல் வைக்கோல் நடையிலேயே பிய்ந்துவிடும். பிய்யாவிட்டாலும் வைக்கோல் மறைத்துவிடும்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்குத்தானடா உன்ன மேல ஏத்தி விடுவோம்?" என்றார்.

மறந்தே போயிருந்தது. பத்து வயதில், வைக்கோல் ஏற்றிய வண்டியின் உச்சியில் நான் படுத்துக்கொண்டு வருவேன். சொகுசுக்காக ஏற்றிவிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், சொகுசாகவும்தான் இருந்தது, அரிப்பைத் தவிர. கையில் ஒரு சிவப்புத் துண்டு கொடுத்திருப்பார்கள். கீழேயிருந்து சித்தப்பா விசில் அடித்தால், எந்தப் பக்கம் திரும்பப்போகிறோமோ அந்தப் பக்கம் துண்டை வீசவேண்டும். பின்னால் பஸ் வந்தால் கீழே கத்திச் சொல்லவேண்டும். ராத்திரியானால் மாட்டுவண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும், அதோடு சரி. பகலில் வண்டிக்குக் கண்ணும் வாயும் மேலே படுத்திருக்கிற பையன்தான். அவனை இன்றைக்கு யாரும் ஏற்றுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறான், ஏற்றினால் குற்றம். அது நல்லதற்குத்தான் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. என் மகளை ஏற்றிவிடுவேனா? மாட்டேன். பெரிய ஆள் ஒருவரைக் கூட்டிவரலாம் என்றால், அறுப்பு நாளில் ஒரு ஆள் கிடைப்பதே பெரிய பாடு, துண்டு வீசுவதற்குக் கூலி கொடுத்து யார் ஆள் வைப்பார்கள்? அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அதில்தான் பெரியவர் ஐந்து எண்ணிப் பார்த்தார்.

ஐந்நூறு ரூபாயைப் பற்றியும் சித்தப்பாவிடம் சொன்னேன். அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அடுத்த ஊர்தான், இப்போது வண்டி ஓட்டுவதில்லையாம், மகனிடம் கொடுத்துவிட்டாராம். போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு ஐந்நூறு ரூபாய நீட்டினா அவருக்குத்தான் அசிங்கமா இருக்கும். விடு" என்றார். அவர் சொன்னதற்காக விட்டேனா, எனக்கு வசதியாக இருந்ததால் விட்டேனா, தெரியவில்லை. இந்தத் தை வரைக்கும் கொடுக்கவில்லை.

இந்தத் தையில் இன்னொன்று நடந்தது. அதே கரைச் சாலை, காலை பத்து மணி, முன்னால் வைக்கோல். ஹாரன் அடிக்கவில்லை. நாற்பது ஐம்பது அடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். ஒரு இடத்தில் வண்டி வேகம் குறைந்து இடதுபக்கம் ஒதுங்கியது. எனக்கு இப்போதுதான் எல்லாம் தெரியுமே. வலதுபக்கம் பார்த்தேன், குழாய்ப் பாலம் ஒன்று இருந்தது. திரும்பப்போகிறார். காரை நிறுத்திவிட்டேன். ஐந்து எண்ணினேன். அவர் திரும்பவில்லை. பத்து எண்ணினேன். எனக்குப் பின்னால் வந்து நின்ற வேன்காரர் ஹாரனை அழுத்த ஆரம்பித்தார். கையை வெளியே நீட்டிப் பொறுங்கள் என்று காட்டினேன், அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னும் பலமாக அடித்தார். வைக்கோல் வண்டி ஆற்றோரத்தில் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி நின்றேவிட்டது. இன்ஜின் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வைக்கோலின் முன்பக்கமிருந்து ஒரு ஆள் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாலையில் பின்னோக்கி நடந்து வந்தார்.

"யோவ், சைடு குடுத்து எவ்வளவு நேரமாச்சு? போறதுன்னா போங்கய்யா. சக்கரம் எறங்கிக்கிட்டே இருக்குது அங்க."